கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பவள்

பினாயிலில் கறுப்புதான் நல்லது, சாமி. வெள்ளை வாசனையாக இருக்கும், ஆனால் ஈ போகாது. வாளிக்கு ஒரு மூடி என்று பாட்டிலில் போட்டிருப்பார்கள். நான் இரண்டு மூடி ஊற்றுவேன். இதைப் பாவத்தில் சேர்க்க வேண்டாம், பேச்சுக்குச் சொன்னேன். ஈஸ்டருக்குப் பிறகு இன்றைக்குத்தான் பாவசங்கீர்த்தனத்துக்கு வருகிறேன். வெளியே வரிசை நிற்பது தெரியும். சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

படப்பையில் எங்கள் வரிசையில் ஐந்து வீடு, எல்லாவற்றுக்கும் ஒரே நடை. என் வீட்டுக்காரர் அமிர்தநாதன் கம்பெனியில் ஷிப்ட் பார்ப்பவர். வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் தூங்குவார். பிள்ளை இல்லை. எனக்கென்று இருந்தது மாதா மாதம் வருகிற துப்பறியும் நாவல் ஒன்றுதான். நாகப்பன் கடையில் பினாயில் பாட்டில்களுக்கு மேலே கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பார். எந்தக் கதையைப் பிரித்தாலும், கொலை நடப்பதற்கு முன்பே ஆஸ்பத்திரி வாடை அடிக்கும்.

பக்கத்து வீடு ஞானம்மா அக்கா. புருஷன் இல்லை, ஒரே மகன் ஃபிரடி பம்பாயில் வேலை பார்க்கிறான். அவளும் அதே நாவலை வாங்குவாள். ஆனால் கடையில் நின்றபடியே கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு, நேரே என் வாசலுக்கு வருவாள்.

"மேரி, டிரைவரு மேல சந்தேகப்படாத. சித்தப்பன்தான் கொன்னுகீறான்."

நான் அப்போது அட்டைப்படத்தைத்தான் பார்த்து முடித்திருப்பேன்.

ஏழு மாதம் இப்படி. ஒருமுறை கெஞ்சிக்கூடக் கேட்டேன்.

"சொல்லாதீங்கக்கா, நானே படிச்சிக்கிறேன்."

"இன்னா இப்போ? தெரிஞ்சிக்கினு படிச்சா பயமில்லாம படிக்கலாமில்ல?"

அவள் கெட்டவள் இல்லை, சாமி. நல்ல மனசோடு கெடுக்கிறவள். அப்படிப்பட்டவர்களிடம் சண்டைக்கும் போக முடியாது.

ஜூலையில் நாகப்பன் கடைக்குத் தரை துடைக்கிற லிக்விட் ஒன்று புதிதாக வந்தது. மஞ்சளாக, எலுமிச்சை வாசனையோடு இருந்தது. வாங்கியவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து சண்டை போட்டார்கள். நான் கேட்டபோது நாகப்பனே தடுத்தார்.

"அது வேணாம்மா. செந்தாமரை வூட்ல கொழந்த வழுக்கி வுழுந்து பல்லு போச்சு. ரிட்டன் அனுப்பப்போறேன்."

"வாசனை நல்லாயிருக்கே, அண்ணே. ரெண்டு குடுங்க" என்றேன்.

ஆகஸ்ட் ஐந்தாம் தேதி காலை, ஞானம்மா அக்கா நாவல் வாங்கப் போன நேரத்தில் நடையைத் துடைத்தேன். எங்கள் முறைதான், யாரும் வித்தியாசமாக நினைக்கவில்லை. தண்ணீர் கலக்காமல், அவள் வாசலிலிருந்து என் வாசல்வரை மட்டும் லிக்விட். மற்ற மூன்று வாசலுக்கும் வெறும் தண்ணீர். சின்னப் பிள்ளைகள் ஓடியாடும் இடம், பார்த்துத்தானே செய்ய வேண்டும்?

திரும்பி வந்த அக்காவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. மூக்குக்கண்ணாடியும் நொறுங்கிப்போனது. நான்தான் முதலில் ஓடினேன். கிடந்தபடியே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உயிரு போவுது, மேரி" என்றாள். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். பிறகு, "அந்த டாக்டருதான், மேரி" என்றாள்.

எந்த டாக்டர் என்று முதலில் புரியவில்லை. பக்கத்தில் விழுந்து கிடந்த புது நாவலைப் பார்த்ததும் புரிந்தது. எனக்கிருந்த கொஞ்சநஞ்சச் சங்கடமும் போய்விட்டது.

ஃபிரடி பத்து நாள் லீவில் வந்தான். ஆபரேஷன் முடித்து, அம்மாவை வீட்டில் கொண்டுவந்து படுக்கவைத்து, என்னிடம் ஒப்படைத்துவிட்டு அழுதுகொண்டே போனான். அன்றிலிருந்து கஞ்சி, குளியல், மலம் ஜலம் எல்லாம் நான்தான். முகம் சுளித்ததில்லை. நீங்கள் நற்கருணை கொடுக்க வந்தபோது பார்த்தீர்களே. அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் என் பேரைச் சொன்னீர்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது.

பழைய புத்தகக் கடையில் அவள் படிக்காத நாவல்களாக வாங்கி வந்து, சாயங்காலம் படித்துக்காட்டுவேன். கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் மூடிவிடுவேன்.

"யாருன்னு மட்டும் சொல்லிடு, மேரி. தூக்கம் வராது."

"நாளைக்குக்கா."

நாளைக்கு வேறு நாவல் எடுப்பேன். ஒரு மாதம் இப்படிக் காக்கவைத்தால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் மூன்று மணி ஆனால் அவள் கண் வாசலிலேயே இருக்கும். "வந்துட்டியா, மேரி?" என்பாள். என் வாழ்க்கையில் அப்படி யாரும் கேட்டதில்லை, சாமி.

ஃபிரடி சொல்லிவிட்டுப் போன புதுக் கண்ணாடி தாம்பரத்துக் கடையில் தயாராகி மூன்று மாதம் ஆகிறது. நான்தான் வாங்கி வந்தேன். என் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. படுத்தபடி படித்தால் கண் கெட்டுப்போகும்.

போன மாதம் ஃபிரடியிடமிருந்து கடிதம் வந்தது. இரண்டு தாள். அவளுக்குப் படித்துக்காட்டினேன். முதல் தாளில் நலம் விசாரித்திருந்தான். மழையைப் பற்றியும் எழுதியிருந்தான். கேட்டுவிட்டு அழுதாள். இரண்டாவது தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். கம்பெனியில் குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது, பொங்கலுக்கு வந்து அம்மாவைக் கூட்டிப்போகிறேன், சம்மதம் கேட்டு எழுதுங்கள் என்று அதில் இருந்தது.

நான் பதில் எழுதினேன். அம்மாவுக்கு ரயில் பயணம் ஆகாது, வர இஷ்டமில்லை, நீயும் வீணாக அலைய வேண்டாம் என்று. கீழே அவள் கையெழுத்து. மருந்துச் சீட்டுக்கு என்று சொல்லி வாங்கினேன்.

நேற்றுகூடக் கேட்டாள், "ஏன் மேரி, எம் புள்ள என்னை வந்து இட்டுக்கினு போறேன்னு ஒரு வார்த்தகூட எழுதலியா?" என்று. இல்லையக்கா என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எனக்கு நெஞ்சே அறுந்துவிட்டது.

பாவம், என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள், சாமி?