ராட்டினத்தின் உச்சியில் லூசியா

காலையில் எழுந்ததும் காபி போடுவேன். மொறுமொறு ரொட்டியில் மீன்முட்டைப் பசை தடவிச் சாப்பிடுவேன். பிறகு வெளியே போய், கார்க் கண்ணாடியில் உறைந்திருக்கும் பனியைச் சுரண்டுவேன். என் மனைவி டில்டா இருந்தபோது யார் சுரண்டுவது என்று எங்களுக்குள் தினமும் சண்டை நடக்கும். இப்போது நடப்பதில்லை. இன்றும் சுரண்டினேன். பிறகு காவல் நிலையத்துக்கு, உங்களிடம் வந்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விழா மிக நன்றாக நடந்தது. அதை யாரும் மறுக்கவில்லை.

எங்கள் பூங்கா மே மாதம் திறந்து செப்டம்பரில் மூடும். பனிக்காலம் முழுக்க ராட்டினங்கள் தார்ப்பாய்க்குள் கிடக்கும். ஊரும் ஏறக்குறைய அப்படித்தான் கிடக்கும். அங்கே கிறிஸ்துமஸ் விழா நடத்தலாம் என்பது என் யோசனை. நான் நிகழ்ச்சிப் பொறுப்பாளன். நகரசபைத் தலைவி குன்வோர், வந்து பார்த்துவிட்டு முடிவு செய்வதாகச் சொல்லியிருந்தார். விழா பிடித்திருந்தால் பூங்கா பிழைக்கும். பிடிக்காவிட்டால் நிலத்தை விற்றுவிடுவார்கள்.

கிறிஸ்துமஸுக்கு முன் எங்கள் ஊரில் ஒரு பெண் ஒளியின் புனிதை லூசியாவாக வேடமிட்டு வருவாள்; வழக்கமாக வாசல் வழியாகத்தான் வருவாள். வெள்ளை அங்கி, சிவப்பு இடைக்கச்சை, தலையில் விளக்குக் கிரீடம். எங்களிடம் ராட்சத ராட்டினம் இருக்கிறதே, லூசியா வானத்திலிருந்து இறங்கட்டும் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், பிறகு சம்மதித்தார்கள். டில்டா நுழைவுச்சீட்டுக் கூண்டில் வேலை பார்த்தாள். கிரீடம் அவள் தலைக்குத்தான் சரியாக உட்கார்ந்தது.

"மேல கோட்டு போட்டுக்கறேன்டா. காத்து ஏரியிலேருந்து நேரா வருது" என்றாள்.

"கோட்டு போட்டா லூசியா மாதிரியா இருக்கும்? பனிக்கரடி மாதிரி இருக்கும்."

"கரடிக்கும் ஒரு கிரீடம் வெச்சா என்ன குறைஞ்சுபோகுது? சரி, பாட்டு ஆரம்பிச்ச உடனே இறக்கிடணும். லேட்டாச்சுன்னா புதுவருஷம் வரைக்கும் நீதான் பாத்திரம் கழுவுற."

அங்கியில் பை இல்லாததால் கைபேசியை என்னிடம் கொடுத்தாள். ஒரு வாக்கிடாக்கியை மட்டும் மடியில் வைத்துக்கொண்டாள். அதன் ஜோடி என் இடுப்பில் இருந்தது.

பனிக்கு முன்பே தண்ணீர்க் குழாய்கள் எல்லாவற்றையும் வடித்திருந்தோம். ராட்டினத்தின் கியர்ப்பெட்டியில் கோடைக்கால எண்ணெய் இருப்பது யாருக்கும் உறைக்கவில்லை. எங்கள் ராட்டினம் அதுவரை பனியில் சுற்றியதே இல்லை. எண்ணெய் பாகாக இறுகிக்கொண்டிருந்தது. டில்டா உட்கார்ந்திருந்த தொட்டி முனகிக்கொண்டே உச்சிவரை போனது. அங்கே நின்றுவிட்டது.

மெக்கானிக் ஹெனிங் ஓடி வந்தார். "மோட்டார் செத்துப்போச்சு. கையால சுத்தி இறக்கிடலாம். ஆனா தொட்டிங்க ஆடும், ஐஸ் உடைஞ்சு கொட்டும். கீழ ஒரு ஆள் நிக்கக்கூடாது. மைதானத்தக் காலி பண்ணச் சொல்லு."

மைதானத்தில் ஊரே நின்றது. குழந்தைகள் கையில் குங்குமப்பூ ரொட்டி, பெரியவர்கள் கையில் ஆவி பறக்கும் மசாலா ஒயின். குன்வோர் முன்வரிசையில் நின்றார். எல்லோரும் மேலே பார்த்து ஆ என்றார்கள். இருட்டிக்கொண்டிருந்தது. உச்சியில் அந்தக் கிரீடம் மட்டும் எரிந்தது. நான் திட்டமிட்டிருந்ததைவிட அது அழகாக இருந்தது. பாடகர் குழுவுக்குக் கைகாட்டினேன். தொடங்கினார்கள்.

டில்டா வாக்கிடாக்கியில் முதலில் கிண்டல்தான் செய்தாள். "என்னடா, ராட்டினத்துக்குக் கூட லீவு குடுத்துட்டியா? ரெண்டு ரொட்டியக் கட்டி மேல எறி. ராணி பசியா இருக்கா."

"ஒரே பாட்டு. முடிஞ்சதும் இறக்கிடறேன்" என்றேன்.

ஒரு பாட்டு முடிந்ததும் கைதட்டல் நிற்கவில்லை. குன்வோர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொன்னு பாடச் சொல்லுங்களேன்" என்றார். அவரிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது? குழந்தைகளுக்கான குட்டி ரயிலும் அப்போதுதான் கிளம்பியிருந்தது.

பாட்டுகள் நீண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகு ஹெனிங் மறுபடி வந்தார். "தீயணைப்புக்காரங்களயாவது கூப்பிடுப்பா. அந்தப் பொண்ணு அங்க என்ன பண்ணும்?"

சைரன் வந்தால் குழந்தைகள் அழுவார்கள். மறுநாள் செய்தி விழாவைப் பற்றி இருக்காது, விபத்தைப் பற்றி இருக்கும். "அவகிட்ட இப்பதான் பேசினேன். அவளுக்குக் குளிரலையாம்" என்றேன்.

அது பொய் இல்லை. அவள் அப்படிச் சொன்னாள். ஹெனிங்கின் முகம் தெளிந்தது. "அட, கெட்டிக்காரி! உள்ள கம்பளி போட்டிருப்பா" என்று சிரித்தார். அவருக்கும் ஒரு குவளை ஒயின் வாங்கிக் கொடுத்தேன்.

வாக்கிடாக்கி கரகரவென்று ஒலிபெருக்கியில் கலந்தது. பாட்டைக் கெடுத்தது. அணைத்தேன். அதன்பிறகு பாடியதுதான் அன்றைக்கே சிறந்த பாட்டு என்று இப்போதும் சொல்கிறார்கள்.

கிரீடத்தின் விளக்குகள் மெல்ல மங்கின. பேட்டரி குளிரில் சீக்கிரம் தீர்ந்துவிடும். கூட்டத்துக்கு அதுவும் நிகழ்ச்சியின் பகுதியாகத்தான் தெரிந்தது. ஒரு சிறுமி தன் அப்பாவிடம், "லூசியா தூங்கப் போயிட்டா" என்றாள். அவர் அவளைத் தூக்கி முத்தம் கொடுத்தார். மகிழ்ச்சியான கூட்டம் தானாகக் கலைய நேரமாகும். அவசரப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. குன்வோர் போகும்போது என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "அடுத்த வருஷமும் நடத்துங்க" என்றார்.

கடைசிக் குடும்பமும் போன பிறகு ஹெனிங்கும் நானும் சக்கரத்தைக் கையால் சுற்றினோம். தொட்டி நல்லபடியாகக் கீழே வந்தது. டில்டா உட்கார்ந்தபடியே இருந்தாள். இடைக்கச்சையைத் தளர்த்தி, அங்கியின் கழுத்தைத் திறந்து விட்டிருந்தாள். ஹெனிங் ஒரு முறை என்னைப் பார்த்தார். பிறகு தன் கோட்டைக் கழற்றி அவள் மேல் போர்த்தினார்.

நான் கல்லூரியில் படித்தவன். ஆனால் இதற்குக் கல்லூரி தேவையில்லை. உறைந்து சாகிறவனுக்குக் கடைசியில் குளிர் விட்டுப்போகும், உடம்பு சூடாக இருப்பதுபோல் தோன்றும் என்று எங்கள் வடக்கில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கே சொல்லிக்கொடுக்கிறார்கள். டில்டாவும் நானும் ஒரே பள்ளியில், பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து கேட்டோம்.

அவள் சம்மதத்தோடுதான் விழாவைத் தொடர்ந்தேன் என்று எல்லோரிடமும் சொல்லிவந்தேன். பல நாள் எனக்கே அப்படித்தான் நினைவிருந்தது. அவள் பேச்சில் முதல் பாதியை மட்டும் ஹெனிங்கிடம் சொன்னேன். முழுவதும் இதுதான். நிதானமாகத்தான் சொன்னாள். கொஞ்சம் நாக்குக் குழறியது.

"எனக்குக் குளிரல, சிக்ஸ்டன். அப்படின்னா என்னன்னு உனக்குத் தெரியும். பாட்ட நிறுத்திட்டு என்ன இறக்குடா."