மான் செதுக்கிய துவக்கு

பிள்ளைகளே, எண்பதுகளில் ஒருநாள் சுவிஸில் லாங்கன்தாலுக்கு ரயிலில் வந்துகொண்டிருந்தேன். முன் இருக்கையில் நம்மவர் இருவர் கதைத்துக்கொண்டு வந்தார்கள்.

"அண்ணை, என்ர முதலாளி பிழையான துவக்கைத் தெரிஞ்செடுத்திட்டார்" என்றான் இளையவன்.

"ரெஸ்ரோரண்டிலை கோப்பை கழுவுற உனக்கேனடா துவக்கு?"

"வேட்டைக்கெண்டு பழைய இரட்டைக்குழல் ரெண்டு கொண்டுவந்து காட்டினவர். மான் செதுக்கினதுதான் வடிவாம். அதின்ர குழலுக்குள்ள துரு அரிச்சுக் கிடக்கு. நாளைக்குச் சுட்டால் வெடிச்சுப் பிளக்கும்."

"சொன்னனியோ?"

"எப்பிடிச் சொல்லுறது? துவக்குப் பாக்கத் தெரியுமெண்டால் இயக்கத்திலை சண்டை பிடிச்ச பெடியன் எண்டு நினைப்பினம். என்ர அகதி வழக்கு இன்னும் முடியேல்லை."

"அப்ப வாயை மூடிக்கொண்டிரு! என்ர மண்டையை ஏன் உடைக்கிறாய்?"

அடுத்த நிலையத்தில் இளையவன் எழும்பினான்.

"எங்கையடா?"

"திரும்பிப் போறன். ஊரிலை ஐயாவோட வயலிலை பன்றி சுட்டுப் பழகினதெண்டு சொல்லுவன்."

"நம்பாட்டில்?"

"நம்பாட்டிலும் குழலுக்குள்ள ஒருக்காப் பாப்பார். அந்த மனுசனுக்குக் கண் மிஞ்சும்."

"விசரன்!" மூத்தவர் தொப்பியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே இறங்கினார். "நில்லடா! உன்ர அரைகுறை டொச்சு மொழியைக் கேட்டால், நீ துவக்கு விக்க வந்திருக்கிறாய் எண்டெல்லோ நினைப்பார்!"