பந்து எறிபவனுக்கு ஓர் அர்ச்சனை

வெள்ளிக்கிழமை பின்னேரம், ரொறன்ரோவில் மல்வேர்ன் பக்கம் போகும் பேருந்து. எனக்கு முன் இருக்கையில் கோயிலுக்குப் போய்த் திரும்பும் இரண்டு பெண்கள்.

"பந்து எறியிற பெடியன்ர நட்சத்திரம் என்னெண்டு ஐயர் கேட்டார் அக்கா," என்றார் இளையவர்.

நான் காதில் ஓடிய பாட்டை நிறுத்தினேன்.

"எந்தப் பெடியன்?"

"எங்கட ரொறன்ரோ பேஸ்போல் ரீமில எறியிறவன். கடைசி மூண்டு மட்சும் வெண்டால் டிவிசனில நாங்கள்தான் முதல். ரீம் தோத்த அண்டைக்கு என்ர மனிசன் சாப்பிடாது. பிரஷர் வேற. இண்டைக்கு இவன்தான் எறியிறானாம். அதுதான் அவன்ர பேரில ஒரு அர்ச்சனை செய்வம் எண்டு போனனான்."

"அவன் அமெரிக்காவில பிறந்தவன். நட்சத்திரத்துக்கு எங்க போறது?"

"மனிசன்ர நட்சத்திரத்தைச் சொல்லிப்போட்டன்."

மூத்தவர் இரண்டு தரிப்பிடங்கள் தாண்டும்வரை அதைப் பற்றியே யோசித்தார்.

"பேர் அவன்ர, நட்சத்திரம் உன்ர மனிசன்ர. அப்ப பலன் ஆருக்குப் போகும்?"

இளையவர் திருநீற்றுப் பொட்டலத்தைக் கைப்பைக்குள் பத்திரமாக வைத்தார்.

"வெண்டால் அவனுக்குப் போகட்டும். தோத்தால் இவருக்குத்தான் வேணும்."