டெய்லரக்காவோட நாலு மெஷின்

...மூணு நிமிஷமாம் சார், மூணே நிமிஷம்! ஒரு மனுஷன் தொண்டையச் சரிபண்ணிக்கிட்டு, "அன்னைக்கு என்ன ஆச்சுன்னா"ன்னு ஆரம்பிக்கவே மூணு நிமிஷம் ஆகாதா? அதோ, மேசை மேல பாருங்க. முட்டை வேகவைக்கறப்ப நேரம் பாக்க வைப்பாங்களே, அந்த மணி. நர்ஸம்மா அவங்க வீட்டு அடுப்படியிலேர்ந்து கொண்டு வந்து வச்சிருக்காங்க. யாருக்காகன்னு கேளுங்க. எனக்காக! வெள்ளத்துல மனசு ஒடஞ்சவங்க பேசறதுக்குன்னு நடத்தற இந்தக் கூட்டத்துல பதினாறு பேரு. மத்தவங்களுக்குப் பேச்சு வராம அழுகை வருது. எனக்குப் பேச்சு நிக்கவே மாட்டேங்குது. மொத வாரம் நான் பேசி முடிக்கறதுக்குள்ள டீ ஆறி, ஆளுங்க ஒவ்வொருத்தரா நழுவி, கடைசியில வாட்ச்மேன் சாவியோட வந்து நின்னுட்டாரு.

நீங்க புதுசுதானே? உக்காருங்க, உக்காருங்க. நாலு மணிக்குத்தான் ஆரம்பிப்பாங்க. எந்தப் பக்கம்? ஓ, பாலத்துக்கு அந்தப் பக்கமா? வெள்ளத்தப்ப உங்க தெருவுல எவ்ளோ தண்ணி? இடுப்பளவா... எங்க தெருவுல கழுத்தளவு சார். பெருமைக்குச் சொல்லல. சரி, கொஞ்சம் பெருமைக்குத்தான்னு வச்சுக்குங்களேன்.

நான் மோட்டார் மெக்கானிக். தண்ணி ஏத்தற மோட்டார். தண்ணி வடிஞ்சதும் என் கடை வாசல்ல கல்யாண வீடு மாதிரி கூட்டம். பொழப்புக்கு ஒரு கொறையும் இல்ல. அப்புறம் எதுக்கு இங்க வரேன்னா, என் பொண்டாட்டி வேல. "ஆறு மாசமா தூக்கத்துல புலம்பறீங்க. இனிமே அங்க போய்ப் புலம்புங்க, நானாவது தூங்கறேன்"னு அனுப்பி வச்சுட்டா.

இங்க என்ன பண்ணுவாங்கன்னு பயப்படாதீங்க. மொதல்ல கண்ண மூடி மூச்ச இழுத்து விடச் சொல்வாங்க. நான் இழுத்தேன். விட்டேன். அவ்ளோதான் தெரியும். அப்புறம் பக்கத்துல இருந்தவரு உலுக்கி எழுப்பறாரு. கொறட்டையாம்! எல்லாரும் கண்ணத் தொறந்து என்னையே பாத்துட்டிருக்காங்க. இன்னொரு வாரம் காகிதத்தையும் கலர் பென்சிலையும் குடுத்து, மனசுல இருக்கறத வரையச் சொன்னாங்க. நான் ஒரு மோட்டார் வரைஞ்சு, அதுலேர்ந்து மாடிக்கு ஒரு பைப் போட்டேன். நர்ஸம்மா அதப் பாத்துட்டு, "கீழேர்ந்து மேல எழும்பி வரணும்ங்கற நம்பிக்கை தெரியுதுங்க"ன்னு கண் கலங்கிட்டாங்க. அம்மா, அது முக்காக் குதிரைசக்தி மோட்டாரும்மான்னு சொல்லலாம்னு பாத்தேன். அதுக்குள்ள கை தட்டிட்டாங்க சார்.

ஆனா ஒண்ணு சொல்லணும். அதோ கதவுகிட்ட நிக்கறாரே, உயரமா, அவர் பஸ் டிரைவர். பாலத்து மேல பஸ்ஸுக்குள்ள தண்ணி ஏறி, கூரை மேல எல்லாரையும் ஏத்திவிட்டு ஒம்போது மணி நேரம் நின்ன மனுஷன். அதுக்கப்புறம் ஸ்டியரிங் பக்கமே போகல. நாலு வாரம் இங்க வந்து அவர் வாயே தொறக்கல. அஞ்சாவது வாரம், "திங்கக்கிழமை டூட்டிக்கு வரச் சொல்லிட்டாங்க, பாலத்தத் தாண்டணும்"னு மட்டும் சொன்னாரு. அவ்ளோதான். திங்கக்கிழமை காலையில அந்த பஸ்ல யார் யார் ஏறினோம்னு நெனைக்கறீங்க? நாங்க பதினஞ்சு பேரும்! ஒருத்தருக்கும் அந்தப் பக்கம் ஒரு வேலையும் இல்ல. எனக்கு உக்கார எடங்கூடக் கெடைக்கல, கம்பியப் புடிச்சுத் தொங்கிட்டே போனேன். பாலத்து நடுவுல வண்டி மெதுவாச்சு. ஒருத்தரும் மூச்சு விடல சார். நான்கூடப் பேசல. அந்தக் கரை வந்ததும் அவர் ஒரு ஹாரன் அடிச்சாரு பாருங்க... சரி, விடுங்க. கண்ணுல ஏதோ தூசி.

நான் எங்க விட்டேன்? ஆங், கடை. என் கடையில இப்ப கால வைக்க எடமில்ல சார். நடுவுல நாலு தையல் மெஷின். கீழ்வீட்ல குடியிருந்த டெய்லரக்காவோடது. வெள்ளம் வடிஞ்சதும் சேத்துலேர்ந்து நாந்தான் தூக்கிட்டுப் போனேன். அவங்க தங்கச்சி வீட்டுக்குக் குடி போயிட்டாங்க. இந்த மெஷினுங்க குத்துக்கல்லாட்டம் என் கடையிலயே நிக்குது. வந்து எடுத்துட்டுப் போகணும்னு ஒரு மனுஷிக்குத் தோண வேணாமா?

...ரிப்பேரா? அதெல்லாம் எப்பவோ ஆயிடுச்சு. காயில் மாத்தி, துரு எடுத்து, நாலும் பூனைக்குட்டி மாதிரி ஓடுது. ஓட்டாம வச்சா கெட்டுடும்னு என் பொண்டாட்டி வாரா வாரம் எண்ணெய் போட்டு ஓட்டறா. வீட்ல இருக்கற தலகாணி உறைக்கெல்லாம் மூணு மூணு தையல். மூணு மாசமாச்சு சார்.

...அவங்ககிட்ட சொன்னேனாவா?

டீ எடுத்துக்குங்க சார். ஆறிடும்.

...சொல்லல. போதுமா? போய்ச் சொன்னா, மெஷினோட நிக்காது. அந்த இன்னொண்ணையும் சொல்லணும். இங்க இத்தன வாரம் இவ்ளோ பேசறேனே, அத மட்டும் பேசினதில்ல.

அன்னைக்குக் காலையில பத்து மணி இருக்கும். அக்கா படியேறி வந்து கதவத் தட்டினாங்க. "அணை தொறக்கறாங்களாம், மெஷினுங்கள உங்க ஹால்ல வச்சுக்கட்டுமா, ஒரு கை புடிங்க"ன்னு கேட்டாங்க. டிவில மேட்ச் ஓடுது. எனக்கு எழுந்திருக்க சோம்பல் சார். முழுச் சோம்பேறித்தனம். அதையாவது ஒத்துக்கிட்டிருக்கலாம். முதுகு புடிச்சிருக்குன்னேன். அதோட விட்டேனா? பெரிய மேதாவி மாதிரி, "முப்பது வருஷமா தண்ணியோடயே புழங்கறவன் நான். நம்ம தெரு மேடு. மூணாவது படியத் தாண்டாதுக்கா, நீங்க போய் நிம்மதியாத் தைங்க"ன்னேன். நம்பிப் போய்த் தைச்சாங்க சார். மூணு மணிக்கு மேல ஏறி வந்தாங்க. இடுப்பு வரைக்கும் ஈரம், கழுத்துல இஞ்ச் டேப், கையில ஒண்ணுமில்ல. மெஷினக்கூட விடுங்க. அளவு நோட்டு போச்சு. பத்தொம்போது வருஷமா தெருவுல உள்ள பொம்பளைங்க அத்தன பேரோட அளவும் அதுலதான் இருந்துச்சு. இப்ப ஒரு கம்பெனியில கூலிக்குக் காலர் தைக்கறாங்க. நாள் பூரா வெறும் காலர்.

ரெண்டு நாள் எங்க ஹால்லயே இருந்தாங்க. "நீதானேடா சொன்ன"ன்னு ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா நான் பொழச்சிருப்பேன் சார். அந்த மௌனம் இருக்கே, அது...

அய்யய்யோ. சார், கொஞ்சம் இந்தப் பக்கமா சாஞ்சு உக்காருங்க. இன்னும் கொஞ்சம். வாசல்ல பாருங்க, நர்ஸம்மாவோட வராங்களே, பச்சப் புடவை... அவங்கதான்! அக்காதான்! இங்க வருவாங்கன்னு யாருமே சொல்லலையே! திரும்பிப் பாக்காதீங்க! ...எங்க எழுந்திருக்கறீங்க? டீ நான் கொண்டாந்து தரேன் சார், உக்காருங்க... ஏன் சார் அவங்களக் கைகாட்டி இங்க கூப்பிடறீங்க? உங்க நாற்காலியவா குடுக்கறீங்க? சார்! சார்...

வாங்கக்கா.

...ம், நல்லாருக்கேன். நீங்க? ...தங்கச்சி வீட்ல எல்லாரும்? ...மழைகூட இந்த வருஷம்... இல்ல, அத விடுங்க. அக்கா, அன்னைக்கு என் முதுகுக்கு ஒண்ணுமில்லக்கா. மேட்ச் பாத்துட்டிருந்தேன். தண்ணியப் பத்தி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது, சும்மா அடிச்சு விட்டேன். ஒரு கை புடிச்சிருந்தா அரை மணி வேலை.

...தெரியுமா? எப்படி? ...டிவி சத்தம் கீழ வரைக்கும் கேட்டுச்சா!

...மெஷினா? ஓடுதுக்கா. நாலும் ஓடுது. மூணு மாசமா ஓடுது. உங்க மூஞ்சியப் பாக்க தைரியமில்லாமத்தான்... நாளைக்கே வண்டி வச்சுக் கொண்டாந்து எறக்கறேன். நானே தூக்கறேன். அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? அந்த ரெண்டு நாளும் ஏன்க்கா என்னை ஒரு வார்த்தை கேக்கல? மனசுக்குள்ளயே வச்சு...

...என்னது? கேக்கத்தான் பாத்தீங்களா?

...நான் வாய மூடவேயில்லையா? ரெண்டு நாளுமா? ராத்திரிகூடவா?

சரிக்கா. இப்பக் கேளுங்க. எவ்ளோ நேரம் வேணும்னாலும் கேளுங்க, நான் குறுக்க பேச மாட்டேன். நெசமா. நான் அப்படியெல்லாம்... சரி, சரி.

...

...ம்.

...ம். ஆமாக்கா.