திருத்தி எழுதின கனவு

– இன்னாடா எழிலு இது? கண்டக்டர் பைய தொறந்தா ட்ரிப் ஷீட் இருக்கும்னு எடுத்தேன். ‘படுத்தது பத்தர, முழிச்சது பன்னண்டு, மறுபடி முழிச்சது ரெண்டே காலு’ன்னு எழுதி வெச்சிருக்க?

– குடுண்ணே அத்த. பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா எழுதிட்டு வரச் சொன்னாங்க.

– நீ முழிச்சதுக்கெல்லாம் டைம் கீப்பராட்டம் கையெழுத்து போடத்தான் டாக்டரா?

– ரங்கண்ணே, வேணாம்... குடு.

– இரு, படிக்கறேன். ‘ரெண்டே காலு: கூடத்துல போயி ஒக்காந்தேன்.’ ஏன், பாயில முள்ளு இருந்துதா?

– தூக்கம் வரலன்னா பொரண்டுகினு கெடக்கக்கூடாதாம். எழுந்து போயிடணும். கண்ணு சொக்குனாத்தான் திரும்பி வந்து படுக்கணும்.

– தூக்கம் இன்னா, அவலூர்பேட்ட பஸ்ஸா? வெளிய நின்னு எட்டி எட்டி பாக்கறதுக்கு?

– பேசு, பேசு. வண்டியெடுக்க இருவது நிமிசம் இருக்குது. டிரைவருக்கு வாயி சும்மா இருக்குமா?

– சரி வா, டீ குடிக்கலாம்.

– ரெண்டு மணிக்கு மேல டீ கூடாது.

– அப்ப பின்சீட்ல செத்த சாஞ்சிக்க.

– பகல்ல தூங்கக்கூடாது.

– டீ கூடாது, சாயக்கூடாது... ராத்திரி ஒரு கட்டிங்காவது...

– அதுவும் கூடாது. ஊத்திகினு பாத்தேன். மூணு மணிக்கெல்லாம் தட்டி எழுப்பிடுது. நாலு எண்ணி மூச்ச இழுத்து, ஆறு எண்ணி உடச் சொல்லியிருக்காங்க.

– காத்த எண்ணி உடறதுக்கு ஒரு டாக்டரு! எங்க ஊட்டு எரும இதெல்லாம் படிக்காமயே பண்ணுது.

– அது தூங்கும். நீயும் தூங்குவ. உன் கொறட்ட ராஜகிரி கோட்ட உச்சியில கேக்குதுன்னு டிப்போவே சிரிக்குது.

– மனசுல ஒண்ணும் வெச்சிக்காதவன் தூங்குவான்டா. ஒரு வருசம் ஆச்சி. நம்ம சக்கரத்துல மாட்டி செத்துச்சே வள்ளியம்மா, அது ஊட்டுக்காரனே மறந்துட்டு கூலிக்குப் போறான். நீ இன்னும் புடிச்சிகினு...

– எனக்கு மறக்கலண்ணே.

– அதான் விசில உட்டுட்டு வண்டித் தகரத்த தட்டறியே! தவில்காரன் ஏறிட்டான்னு ஜனங்க சிரிக்குது.

– விசில வாயில வெச்சா ஊத வரல... சிரிச்சிக்கட்டும். நேத்து படியில நின்னுகினே கண்ணு மூடிடுச்சி எனக்கு. ஒரு காலேஜு பொண்ணு சட்டையப் புடிச்சி இழுத்துது. இல்லன்னா நானும் அந்தம்மா போன வழிதான்.

– ...சொல்லவேயில்ல?

– சொன்னா அதுக்கும் ஒரு நக்கல் வெச்சிருப்ப.

– லீவு போடேன்டா.

– போட்டா? ஊட்லயும் அதே கனவுதான் வருது. அதுக்குத்தான் டாக்டரம்மா ஒரு வழி சொன்னாங்க. அந்தக் கனவ, முழிச்சிருக்கும்போதே, வேற மாதிரி மாத்தி எழுதணும். எழுதனத தெனம் ஒருத்தர்கிட்ட வாயுட்டு சொல்லணும். சொல்லச் சொல்ல அது பதிஞ்சிடுமாம்.

– கனவுக்கு கத வசனமா! ஹீரோயினி யாருடா?

– அஞ்சி நிமிசம் கேளுண்ணே. ஊட்ல பொஞ்சாதி ஷோபனாகிட்ட சொன்னா அவ அழுவுறா. நீ அழ மாட்ட. நக்கல்தான் பண்ணுவ. அது பரவால்ல.

– ...சரி, ஓட்டு உன் படத்த.

– தொண்டூர் ஸ்டாப்பிங். வண்டி நிக்குது. வள்ளியம்மா கீரக்கட்டோட பின்படியில எறங்குது. ஒரு காலு படியில, ஒரு காலு...

– தெரியும். மேல போ.

– கனவுல இங்கதான் நான் விசில் ஊதுவேன். வண்டி நகரும். கட்டு கீழ உழும். அந்தம்மா...

– மேல போடான்னா!

– அத மாத்திட்டேன். இப்ப விசில் என் வாயில இல்ல. கைக்கொழந்தகாரி ஒருத்திக்கு மிஷின்ல டிக்கெட் அடிச்சிகினு இருக்கேன். வண்டி நிக்குது. அந்தம்மா எறங்கி, கட்ட தலையில வெச்சிகினு, ரோட்டத் தாண்டிப் போயிடுது. அப்புறம்தான் ஊதறேன். இன்னா, நக்கலக் காணோம்?

– டைம் ஆயிடுச்சி. நான் போயி வண்டிய ஸ்டார்ட் பண்றேன்.

– இன்னும் பத்து நிமிசம் இருக்குது, ஒக்காரு. நல்லா இல்லியா?

– கைக்கொழந்தகாரி... அத்த யாருடா சொன்னா உனக்கு?

– யாரும் சொல்லல. எழுத ஒக்காந்தேன், தானா வந்துது. ஆனா பொய்யின்னு தெரிஞ்சிகினே எப்பிடிண்ணே நம்பறது? அன்னிக்கி ஊதுன நெனப்பே எனக்கு இல்ல. என்கொயரில நீ ‘போலாம்னு டபுள் விசில் கேட்டுது, எடுத்தேன்’னு சொன்ன பாரு... அப்பதான், ஐயோ, நாமதான் கொன்னுட்டோம்னு தெரிஞ்சிது. சஸ்பெண்டுல கெடந்தப்ப இந்தக் கனவு ஆரம்பிச்சுது. இன்னும் காதுல அந்த விசில் நிக்கல.

– எழிலு...

– அடுத்த மாசம் நீ ரிட்டேராயி போயிடுவ. அதுக்குள்ள ஒரு பத்து வாட்டி கேட்டுடுண்ணே. பொய்யின்னாலும் கேளு.

– பொய்யி இல்லடா அது. அவ கொழந்தைய இடுப்புல வெச்சிகினு சில்லற தேடுனா... நீ குனிஞ்சி டிக்கெட் அடிச்சிகினு இருந்த. கண்ணாடியில உன்னப் பாத்தேன், படியப் பாக்கல. பின்னால பிரைவேட் பஸ்காரன் ஆரன் அடிச்சிகினே வந்தான்... விசில் வரல எழிலு. நான்தான் எடுத்துட்டேன்.