உடம்புச் சூட்டில் வளராதது

என் தம்பிக்குச் சும்மா உட்காரத் தெரியாது. மாற்றுச் சிறுநீரகம் வைத்த பிறகு வீட்டில் ஓய்வாக இருடா என்றால், மின்விசிறியைக் கழற்றிப்போட்டுவிட்டு, மறுபடி பூட்டத் தெரியாமல் திருதிருவென்று விழிப்பான். சிறுநீரகம் கொடுத்தவள் நான் என்பதால் அவனை மேய்க்கும் பொறுப்பும் என் தலையில் விடிந்தது. எங்கள் ஆய்வகக் கிடங்கில் வேலை வாங்கிக் கொடுத்தேன். அதுவரை நான் செய்தது நல்ல காரியம்தான்.

நாங்கள் பூச்சிகளைக் கொல்லும் பூஞ்சை வளர்க்கிறோம். அரிசியில் வளர்த்து, உலர்த்திச் சலித்தால் பச்சைப் பொடி கிடைக்கும். செடியில் தூவினால் பூச்சி சாகும். மனிதரின் உடம்புச் சூட்டில் அது வளராது. இதை நான் மேடை மேடையாகச் சொல்லிவந்தேன். அதை விற்க அனுமதி தரும் குழுவில் ஒரு டாக்டர் மட்டும் பிடித்த பிடியை விடவில்லை. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் அதைச் சுவாசித்தால் என்ன ஆகும் என்று கேட்டார். எலிகளை வைத்து நான் சொன்ன பதில் அவருக்குப் போதவில்லை.

புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாதிருக்கத் தம்பி தினமும் மாத்திரை விழுங்கினான். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை. பொடி சலிக்கும் அறைக்கு அவனை மாற்றினேன். முகக்கவசம் போட்டால் மூச்சு முட்டுகிறது, கழற்றட்டுமா என்று கேட்டான். கழற்றிக்கொள் என்றேன். நான் சொன்னால் அவனுக்கு வேதவாக்கு.

இருமல் வந்தது, பிறகு காய்ச்சல். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். என்ன வேலை பார்க்கிறார் என்று அங்கிருந்த டாக்டர் விசாரித்தபோது, கிடங்கு வேலை என்றாள் அவன் மனைவி. அறை மாற்றியது அவளுக்குத் தெரியாது. நான் தலையாட்டினேன். பாக்டீரியாவுக்கான மருந்து ஏற்றினார்கள்.

அவன் சளியில் கொஞ்சம் எடுத்துப்போய் உடம்புச் சூட்டில் வளர்த்துப் பார்த்தேன். தட்டு முழுக்கப் பச்சை பூத்திருந்தது. எந்த மருந்து கேட்கும் என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி மருந்துக்கடையிலேயே அது இருந்தது. சொன்னால் அனுமதி போய்விடும். என் பாதி ஆயுள் அந்தப் பொடியில் இருந்தது. நான் செய்வது பாவம் என்று எனக்கே தெரிந்தது. ஆனாலும் குழு கூடும்வரை அவன் தாக்குப்பிடிப்பான் என்று கணக்குப் போட்டேன்.

குழு கூடி, அனுமதி கொடுத்தது. நேராக அவனிடம் போனேன். பேச முடியாமல் பேசினான்.

“அந்தப் பொடியப் பத்தி டாக்டர்கிட்ட சொல்லிட்டியாக்கா?”

“சொல்லிட்டேன்டா.”

கண்ணை மூடிக்கொண்டான். அன்று மாலையே போய்விட்டான்.

அறை மாற்றியது தெரிந்ததும் அவன் மனைவி என்மேல் புகார் கொடுத்தது நியாயம்தான், சார். நான்தான் கொன்றேன்; எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கடைசியில் சொன்ன அந்தப் பொய்யை மட்டும் குற்றத்தில் சேர்க்காதீர்கள். அது அவன் நிம்மதிக்காகச் சொன்னது.