காத்து ஒருத்தருக்குத்தான்

தளபதி: ஏம்மா உதவி... இவர் வாலு என் மடியில கிடக்கு. எடுக்கச் சொல்லு.

பல்லி: வாலுக்குள்ள பஞ்சுதான் இருக்கு, கடிக்காதுன்னு அவர்கிட்ட சொல்லும்மா.

உதவி: சார், நீங்க ரெண்டு பேரும் பெட்டிக்குள்ள முட்டியோட முட்டி இடிச்சுட்டு உட்கார்ந்திருக்கீங்க. நான் வெளியில நிக்கிறேன். நடுவுல எனக்கு எதுக்கு சார் இந்தத் தூது வேலை? நேராவே பேசிக்குங்களேன்.

தளபதி: அவரோட நான் பேசுறது கேமரா ஓடும்போது மட்டும்தான். அதுக்குத்தான் சம்பளம்.

பல்லி: அதுவும் யாராவது எழுதிக் குடுத்தாத்தான் பேச வரும்.

தளபதி: கேட்டியா? கேட்டியா இவர் பேச்சை?

உதவி: கேக்குது சார். விண்கலம்னாலும் வெறும் பிளைவுட்டுதானே. இப்ப ஒரு லைட்டு போயிருச்சு, மாத்திட்டு இருக்காங்க. அதுவரைக்கும் வெளியில மட்டும் வந்துராதீங்க. அந்த வால உள்ள திணிக்கறதுக்குள்ள எங்களுக்குத் தாவு தீர்ந்துருச்சு.

தளபதி: அது சரி, கடைசிப் பக்கம் எங்க? எனக்கு வந்த காகிதத்துல அது இல்லவே இல்லை.

பல்லி: எனக்கும் இல்லைன்னு சொல்லும்மா.

உதவி: அது... இயக்குநர் எழுதலை சார்.

தளபதி: எழுதலையா!

உதவி: கதை இதுதான். சிலந்திப் படை உங்க கப்பலையும் சுட்டுருச்சு, அவர் கப்பலையும் சுட்டுருச்சு. பூமித் தளபதி, பல்லி அரசன்... ரெண்டு பேரும் பரம விரோதிங்க. வேற வழியில்லாம ஒரே பெட்டியில ஏறித் தப்பிக்கிறீங்க. ஆனா காத்து ஒருத்தருக்குத்தான் இருக்கு. யாராவது ஒருத்தர் அந்தச் சிவப்புக் கைப்பிடிய இழுத்துட்டு வெளியில குதிக்கணும்.

தளபதி: யாரு?

உதவி: அதை நீங்களே பேசி முடிவு பண்ணிக்கணுமாம். எழுதி வெச்சா நடிப்பு மாதிரி தெரியும், உள்ளேர்ந்து தானா வரட்டும்னு சொல்லிட்டார்.

பல்லி: தானா வரணுமாம்ல!

உதவி: கைப்பிடிய யார் இழுக்கறாங்களோ அவங்க சாவு. அவங்களுக்கு இன்னியோட சீரியல் முடிஞ்சுது. உயிரோட இருக்கறவங்களுக்கு இன்னும் மூணு வருஷத்துக்கு ஒப்பந்தம்.

தளபதி: மூணு வருஷமா!

பல்லி: மூணு வருஷமா!

உதவி: பார்த்தீங்களா, ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல ஒரே வசனம் வருது. நான் லைட்டைப் பார்த்துட்டு வந்துடறேன். நீங்க பேசி வைங்க.

தளபதி: ஏம்மா... ஏம்மா உதவி... போயிட்டா.

பல்லி: ஹூம்... ஹூம்...

தளபதி: என்ன, உறுமறீங்க? கேமரா ஓடலை.

பல்லி: உறுமலை. மூக்கு அரிக்குது.

தளபதி: சொறிஞ்சுக்குங்க.

பல்லி: எதால? இந்த நகத்தாலயா? மேல இருக்கறது ரப்பர் மூக்கு. என் மூக்கு அதுக்கு ஒரு சாண் உள்ள இருக்கு. காலையிலேர்ந்து பல்லைக் கடிச்சுட்டு உட்கார்ந்திருக்கேன்.

தளபதி: ஐயோ பாவம்.

பல்லி: நான் ஜூஸ் உறிஞ்சற அந்தக் குழாய எடுத்து, இந்த ஓட்டை வழியா விட்டு... கொஞ்சம்...

தளபதி: நானா? உங்க மூக்கையா?

பல்லி: உங்க முதுகுல ஜிப்பு பிரிஞ்சுட்டு வருது. மதியம் சாப்பிட்டதுலேர்ந்து பார்க்கறேன். அதை நான் பிடிச்சுக்கறேன். நீங்க இதைப் பண்ணுங்க.

தளபதி: ...பிரிஞ்சுதான் இருக்கா?

பல்லி: பனியன் தெரியுது.

தளபதி: சரி, சரி. இது யாருக்கும் தெரியக் கூடாது. எங்க அரிக்குது?

பல்லி: வலப்பக்கம்... மேல... அது கண்ணுய்யா! கீழ... ஆ... அங்கதான்... ஆஹாஹா. நல்லா இருக்கணும் நீங்க.

தளபதி: ஜிப்பு?

பல்லி: பிடிச்சிருக்கேன். வயித்தைக் கொஞ்சம் உள்ள இழுங்க... இதுதான் உள்ள இழுத்ததா?

தளபதி: வாய மூடுங்க.

பல்லி: பரவாயில்லை, என்கிட்ட ஒரு மிட்டாய் இருக்கு. வேணுமா?

தளபதி: எனக்குச் சர்க்கரை வியாதி. டாக்டர் கண்ணுல காட்டக் கூடாதுன்னுட்டார்.

பல்லி: அப்ப குழாய மட்டும் பிடிங்க. சரி... யார் சாகறது?

தளபதி: நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்களே இருங்க.

பல்லி: என்னது?

தளபதி: நீங்க உயிரோட இருங்க. நான் குதிச்சிடறேன். மூணு வருஷம் நிம்மதியா வேலை பாருங்க. உங்களுக்குக் குடும்பம் இருக்கு.

பல்லி: உங்களுக்கு மட்டும் இல்லையா? நீங்க இருங்க. நீங்கதான் தளபதி. உங்களுக்காகத்தானே சனங்க பார்க்குது.

தளபதி: இல்லைங்க. பல்லி இல்லாம சீரியல் ஏது? நான் போறேன்.

பல்லி: நான் போறேன்னு சொல்றேன்ல.

தளபதி: என்ன திடீர்னு இவ்வளவு நல்ல மனசு? சண்டைக்காட்சியில என் காலை வாலால இடறிவிட்ட ஆளு நீங்க.

பல்லி: அதுக்கு முன்னாடி நீங்க நிஜமாவே குத்தினீங்க. உள்ள எனக்குப் பல்லு ஆடிச்சு.

தளபதி: அதை விடுங்க. உண்மையச் சொல்லுங்க. எதுக்குச் சாகணும்னு துடிக்கிறீங்க?

பல்லி: ...வெளியில சொல்லிடுவீங்க.

தளபதி: உங்க மூக்கைச் சொறிஞ்சதைச் சொல்வேனா நான்? அந்த மாதிரிதான் இதுவும்.

பல்லி: இத்தனை வருஷமா என் மூஞ்சி டிவியில வரலைங்க.

தளபதி: வராது. பல்லி மூஞ்சிதானே வரும்.

பல்லி: அதைத்தான் சொல்றேன். என் பொண்ணு ஆபீஸ்ல எங்கப்பா நடிகர்ங்கறா. எங்க காட்டுன்னு கேக்கறாங்க. இந்தப் பல்லியக் காட்டறா. விழுந்து விழுந்து சிரிக்கறாங்களாம். இப்பல்லாம் சொல்றதையே விட்டுட்டா. அந்தக் கடைத் திறப்பு ஞாபகம் இருக்கா? நம்ம ரெண்டு பேரையும் கூப்பிட்டிருந்தாங்களே?

தளபதி: ஆமா.

பல்லி: ஒருத்தன் ஓடி வந்து உங்க தோள்ல கை போட்டுட்டு, போட்டோ எடுக்கச் சொல்லி போனை என் கையில குடுத்தான். என் கையில. நான் யாருன்னே அவனுக்குத் தெரியலை. எனக்கு அழுகை வந்துருச்சு, சத்தியமா.

தளபதி: அந்தப் போட்டோவுல என் தலைய வெட்டிட்டீங்க.

பல்லி: வேணும்னேதான்.

தளபதி: நினைச்சேன்.

பல்லி: இப்ப ஒரு குடும்ப சீரியல் வந்திருக்கு. கல்யாணப் பொண்ணுக்கு அப்பா வேஷம். முகமூடி இல்லை, வாலு இல்லை. சோபாவுல உட்கார்ந்து காபி குடிக்கணும், பையனோட அப்பாவோட எலியும் பூனையுமா சண்டை போடணும், அவ்வளவுதான் வேலை. முதல் ஷாட்டே என் மூஞ்சிதான், கிட்டக்க வெச்சு. திங்கட்கிழமை ஆரம்பிக்கறாங்க. இங்கேர்ந்து செத்தாத்தான் அங்க போக முடியும்.

தளபதி: திங்கட்கிழமையா?

பல்லி: ஏன்?

தளபதி: ஒண்ணுமில்லை. பையனோட அப்பா... யாராம்?

பல்லி: யாரோ பெரிய ஆளாம். பேரைச் சொல்ல மாட்டேங்கறாங்க. உங்களுக்கு எதுக்கு இப்படி வேர்க்குது?

தளபதி: பெட்டிக்குள்ள புழுக்கம். ஆமா, குடும்ப சீரியல்லாம் ஓடுமா? நல்லா யோசிச்சுக்குங்க. நாள் முழுக்க சோபாவுல உட்கார்ந்தா இடுப்பு போயிரும்.

பல்லி: போகட்டும்.

தளபதி: காபியும் ஆறிப்போன காபிதான் குடுப்பாங்க.

பல்லி: குடிக்கறேன். என் வாயால குடிப்பேன்ல, குழாய் இல்லாம? அந்தக் கைப்பிடிய எனக்கு விட்டுக் குடுங்க. உங்ககிட்ட நான் இதுவரைக்கும் ஒண்ணும் கேட்டதில்லை.

தளபதி: இப்பத்தான் மூக்கைச் சொறியச் சொன்னீங்க.

பல்லி: அது வேற.

தளபதி: ...சரி. கைப்பிடி உங்களுக்கு.

பல்லி: என் தலையில கை வெச்சுச் சொல்லுங்க.

தளபதி: இது ரப்பர்.

பல்லி: உள்ள நான் இருக்கேன்ல!

தளபதி: வெச்சுட்டேன். சத்தியம். போதுமா?

உதவி: சார், லைட்டு வந்துருச்சு! பேசிட்டீங்களா? யார்னு என்கிட்ட சொல்லாதீங்க, இயக்குநர் தானா வரணும்னு காத்துட்டு இருக்கார். ரெடியா? ஆக்‌ஷன்!

பல்லி: பூமியின் தளபதியே! நம் இருவருக்கும் இடையே ஓடிய குருதி ஒரு கடல். ஆயினும் எஞ்சிய இந்தக் காற்று உனக்கே. நீ வாழ்ந்திரு!

தளபதி: பல்லி அரசனே! நீ என் பகைவன். ஆனால்... நீ என் பகைவன் என்பதனால்தான்... என்பதனால்தான்...

பல்லி: உன்னை மதிக்கிறேன்யா... உன்னை மதிக்கிறேன்...

தளபதி: உன்னை மதிக்கிறேன்! ஆகவே... காற்று உனக்கே!

பல்லி: இல்லை, உனக்கே! ...கைய எடுங்க.

தளபதி: உனக்கே என்றேன்! ...நீங்க எடுங்க.

பல்லி: யோவ், தலையில கை வெச்சுச் சத்தியம் பண்ணினியே!

தளபதி: ரப்பர் மேல பண்ணினது செல்லாது!

பல்லி: விடுய்யா, நகம் மாட்டுது!

தளபதி: விட மாட்டேன்! நான்தான் சாவேன்!

பல்லி: நான்தான் சாவேன்!

தளபதி: ஐயோ, ஜிப்பு!

பல்லி: ஐயோ, கைப்பிடி!

உதவி: கட்! கட்! கட்! சார்... ரெண்டு பேருக்கும் அடி ஒண்ணும் இல்லையே? கதவோட சேர்ந்து வெளியில வந்து விழுந்துட்டீங்க.

பல்லி: இன்னொரு தடவை எடுக்கலாம்மா. இவர் நடுவுல புகுந்து கெடுத்துட்டார்.

உதவி: இன்னொரு தடவையா? அங்க பாருங்க, இயக்குநர் மூக்கைச் சிந்திட்டு இருக்கார். ஒருத்தருக்காக ஒருத்தர் உயிரை விட இப்படி அடிச்சுக்கிட்ட விரோதிங்களை அவர் பார்த்ததே இல்லையாம். யோவ்கீவ்னு வந்ததெல்லாம் டப்பிங்ல மாத்திக்கலாம், 'நான்தான் சாவேன்' மட்டும் அப்படியே இருக்கட்டும்னு சொல்லிட்டார்.

தளபதி: அது சரிம்மா... செத்தது யாரு?

உதவி: ரெண்டு பேரும்தான்.

தளபதி: ரெண்டு பேருமா!

பல்லி: ரெண்டு பேருமா!

உதவி: கைப்பிடியில ரெண்டு பேர் கையும் இருந்துதே சார். இனிமே சிலந்திதான் கதாநாயகி. சார், குனியுங்க, முகமூடிய எடுத்துடறேன்... வந்துருச்சு... அட!

பல்லி: அப்பாடா... காத்து! என்னம்மா அப்படிப் பார்க்கறே?

உதவி: நீங்க இப்படியா சார் இருப்பீங்க? நான் வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து எப்பவும் பல்லியாத்தான் பார்த்திருக்கேன். களையான முகம் சார்.

பல்லி: அவர்கிட்டயும் சொல்லும்மா.

தளபதி: காது கேக்குது எனக்கு.

உதவி: மறுபடியும் தூதா? ஆளை விடுங்க சார். நான் போய் வால மடிச்சு வைக்கச் சொல்றேன்.

பல்லி: இந்தாய்யா... எதுக்குச் செத்தீங்க நீங்க? மூணு வருஷம் வேலை கையில இருந்துது. நான்தான் போறேன்னு காலைப் பிடிக்காத குறையாச் சொன்னேனே?

தளபதி: ஓடி ஓடி முட்டி தேய்ஞ்சு போச்சு. போதும்னு தோணுச்சு.

பல்லி: அதை முன்னாடியே சொல்றதுக்கென்ன? நான் என் வீட்டுக் கதையெல்லாம் கொட்டினேன், நீங்க கமுக்கமா உட்கார்ந்திருந்தீங்க. சரி, போகட்டும். எப்படியோ இனிமே உங்க மூஞ்சியில முழிக்க வேண்டாம். அந்தப் பையனோட அப்பாவா எவன் வந்தாலும் சரி, உங்களுக்கு அவன் தேவலை.

தளபதி: அதிருக்கட்டும்... திங்கட்கிழமை அந்தக் காபியில எனக்குச் சர்க்கரை போட வேண்டாம்னு சொல்லி வைங்க, சம்பந்தி.